ஒரே பையன், எல்லா நிகழ்ச்சியும்: வேலூரில் ஆண்கள் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் கொஞ்சம் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி_அம்மா:

வணக்கம். மகன் ஒன்பதாவது படிக்கிறான், வேலூர் டவுனுக்குள் இருக்கிற பழைய ஆண்கள் பள்ளி ஒன்றில். பெயர் வேண்டாம், நல்ல பள்ளிதான். ஆனால் இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து பையன் வகுப்பில் உட்கார்ந்ததை விட மைதானத்தில் நின்றதுதான் அதிகம். ஜூலை 10ஆம் தேதி என்.சி.சி. பையன்களை மக்கான் பக்கம் இருக்கிற சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு அழைத்துப் போனார்கள் (வருடா வருடம் நடப்பது, அதைக் குறை சொல்ல மாட்டேன்), அதற்குப் பின்னாலேயே ஹவுஸ் பிரித்தார்கள், மாணவர் தலைவர் பதவியேற்பு என்று ஒரு விழா, அப்புறம் குறுவட்டப் போட்டி (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் மட்டப் போட்டி), நடுவில் சுதந்திர தினத்துக்கு நேதாஜி மைதானத்தில் டிரில், அந்த டிரில்லுக்கு நாள் தவறாமல் ஒத்திகை, இலக்கிய மன்றத் தொடக்க விழா, இனிமேல் பள்ளி விளையாட்டு விழா, செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு நாடகம். எல்லாம் முடிந்து மூச்சு விடுவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்து நிற்கும்.

இவன் எல்லாவற்றிலும் இருக்கிறான். வாலிபால் டீம், 800 மீட்டர் ஓட்டம், என்.சி.சி., டிரில், நாடகத்தில் 1806 சிப்பாய் வேஷம் வேறு. விடியற்காலையில் எழுந்து ஓடுகிறான், இருட்டிய பிறகு வருகிறான், சாப்பிட்டுக்கொண்டே தூங்குகிறான். வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போடுவதும் செம்மண் ஏறிய ஜெர்சியை ஊற வைப்பதுமாக என் ஞாயிற்றுக்கிழமை போகிறது.

போன வாரம் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். கண மொழி பாதி வரை எழுதியிருக்கிறது, நடுவில் வெற்றுப் பக்கங்கள், அப்புறம் மெய்யெண்கள் என்று தலைப்பு எழுதி அடிக்கோடு மட்டும் அழகாகப் போட்டிருக்கிறான். கேட்டால் "ஓ.டி.மா, அட்டெண்டன்ஸ் போட்டுடுவாங்க" என்கிறான் (ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி, பள்ளி வேலையாகப் போனதாகக் கணக்கு). அட்டெண்டன்ஸ் போடுவார்கள் சரி, பாடத்தை யார் போடுவார்கள்?

வகுப்பாசிரியர் "கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்கிறார். பி.இ.டி. சார் (உடற்கல்வி ஆசிரியர்) "அவன் இல்லாம டீமே இல்லைம்மா" என்கிறார். வீட்டுக்காரர் "ஓடுற வயசு, விடு" என்கிறார். என் அண்ணன் வந்தால் "விளையாட்டு சோறு போடுமா" என்று ஆரம்பிப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல நான் நடுவில். இது போதாதென்று முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று ராத்திரி தைலம் தேய்க்கச் சொல்கிறான், காலையில் மறுபடி ஓடிவிடுகிறான்.

விளையாட்டை நிறுத்திவிடலாமா, இல்லை எதையாவது குறைக்கலாமா, குறைப்பதென்றால் எதை, யாரிடம் போய் எப்படிச் சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

—

குடியாத்தம்_பிடி_வாத்தியார்:

அம்மா, நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கூட்ட நெரிசல் ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளி வேண்டுமென்றே செய்கிறது என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள்.

குறுவட்டப் போட்டி முடிந்துதான் வருவாய் மாவட்டப் போட்டி, அது முடிந்துதான் மாநிலம். குழு விளையாட்டுகளைப் பாரதியார் தினப் போட்டி என்றும் தடகளத்தைக் குடியரசு தினப் போட்டி என்றும் சொல்வார்கள், பெயரைப் பார்த்து டிசம்பரிலும் ஜனவரியிலும் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கீழ்மட்டப் போட்டிகள் எல்லாம் முதல் பருவத்திலேயே முடிந்தாக வேண்டும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் பக்கத்து மைதானங்களில் கால் வைக்க முடியாது, களிமண் ஷூவோடு சேர்ந்து வரும். டிசம்பரில் அரையாண்டு, அதற்குப் பிறகு பெரிய வகுப்புகளுக்குச் செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு. ஆகவே எல்லாவற்றையும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் திணிக்கிறார்கள். வேறு வழி இல்லை.

அடுத்தது வயது. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு, ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கு. உங்கள் பையன் எட்டாவதில் 14 பிரிவில் ஆடியிருந்தால் அங்கே அவன்தான் பெரியவன், எல்லாப் பந்தும் அவனுக்குத்தான் வந்திருக்கும். ஒன்பதாவதில் 17 பிரிவுக்குப் போகிறான், பதினொன்றாவது பையன்களோடு நிற்கிறான், அவர்களுக்கு மீசை முளைத்திருக்கும், வலைக்கு மேலே கை போகும். இந்த வருடம் அவன் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரனாகத்தான் உட்காருவான். நல்ல பையன்கள் பலர் விளையாட்டை விட்டுப் போவது இந்த ஒன்பதாவதில்தான், பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போய். வீட்டிலும் நிறுத்து என்று சொன்னால் அத்தோடு முடிந்தது. அதனால் போட்டியில் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து.

கை வைக்க வேண்டிய இடம் வேறு. ஒரு பள்ளியில் ஆயிரம் பையன்கள் இருப்பார்கள். மார்ச் பாஸ்ட்டுக்கு, டிரில்லுக்கு, விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்க, நாற்காலி போட, நாடகத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதே இருபது முப்பது முகங்களைத்தான் கூப்பிடுவோம். காரணம், அவர்கள் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், சட்டையை இன் பண்ணியிருப்பார்கள், ஒரு தடவை சொன்னால் போதும். நானும் அப்படிக் கூப்பிட்டவன்தான், எல்லா பி.இ.டி.யும் அப்படித்தான். அவன் பொறுப்பாக இருப்பதற்குத் தண்டனை இது. எனவே ஒரு தாளில் அவன் இருக்கிற எல்லாவற்றையும் எழுதி, "இவன் வராவிட்டால் இன்னொருவன் அந்த இடத்தில் நிற்க முடியுமா?" என்று ஒவ்வொன்றுக்கும் அவனையே கேளுங்கள். நிற்க முடியும் என்றால் அதிலிருந்து பெயரை எடுக்கலாம்.

800 பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிகளில் பெரும்பாலும் 200 மீட்டர் டிராக்குக்குத்தான் இடம் இருக்கும். வளைவின் நடுவில் ஒரு முளை அடித்து, கயிற்றை இழுத்துப் பிடித்து, ஓட்டை போட்ட தகர டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பித் தட்டிக்கொண்டே போவோம், பின்னால் பையன்கள் ஓடுபாதையின் அகலத்தை அளக்க 1.22 மீட்டர் குச்சியோடு வருவார்கள். டிராக் சின்னதோ பெரியதோ, ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டாவது ஓடுபாதைக்கு 7.04 மீட்டர் முன்னால் தொடக்கக் கோடு, அதற்கடுத்த ஒவ்வொன்றுக்கும் 7.67 கூட்டிக்கொண்டே போக வேண்டும், இந்தக் கணக்கு எந்த மைதானத்திலும் மாறாது. (கணக்கு நோட்டு வெற்றாக இருக்கிறது என்கிறீர்களே, இதை அவனிடம் ஏன் என்று கேளுங்கள், பை (π) எங்கே வருகிறது என்று தேடட்டும்.) பள்ளியில் நாலு சுற்றாக ஓடிப் பழகியவன் மாவட்டப் போட்டியில் 400 மீட்டர் டிராக்கைப் பார்த்ததும் இரண்டே சுற்றுதானே என்று முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசி 150 மீட்டரில் நடப்பான். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய டிராக்கில் ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

—

ஆற்காடு_ரோடு_72:

அம்மாவின் அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் தெருவில் மாவட்ட அளவில் கபடி ஆடியவன் இன்று ஷூ கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். பத்தாவது மார்க்குதான் கடைசி வரை கேட்பார்கள். கோப்பையை அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

—

குடியாத்தம்_பிடி_வாத்தியார்:

ஐயா, சத்துவாச்சாரி அம்மாவிடமே இதைச் சொல்கிறீர்கள் பாருங்கள். அந்தச் சத்துவாச்சாரியிலிருந்துதான் சதீஷ் சிவலிங்கம் போய் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். அவர் தந்தையும் பளு தூக்கியவர்தான். ஆனால் எல்லாரும் சதீஷ் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லிப் பெற்றோரை ஏமாற்றுகிற பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் இருக்கிறது, இரண்டுமே உண்மை. ஆனால் அங்கே பெரிய போட்டிச் சான்றிதழ்தான் பேசும், குறுவட்டத்தில் ஓடியதற்குக் கொடுத்த தாளை வைத்து ஒன்றும் நடக்காது. அம்மா கேட்டது சோறு பற்றியும் இல்லை, பையன் தூங்காமல் இருப்பதைப் பற்றி.

—

காட்பாடி_பழைய_மாணவன்:

பி.டி. சாருக்கு வணக்கம், ஆனால் உங்களோடு பாதிதான் ஒத்துப்போகிறேன்.

நானும் இதே ஊரில் ஒரு ஆண்கள் பள்ளியில் படித்தவன், அப்போது மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர். எந்த டீமிலும் நான் இருந்ததில்லை. ஓட வராது, பந்து என்னைப் பார்த்து வரும், நான் விலகிக்கொள்வேன். ஆனால் பள்ளி விளையாட்டு விழா என்றால் என்னைப் பிடிக்க முடியாது. மைக் செட்காரர் வந்து கம்பத்தில் புனல் ஸ்பீக்கர் கட்டும்போது ஒயர் பிடிப்பேன், ஷாமியானா கயிற்றுக்கு முளை அடிப்பேன், ரிசல்ட்டை அறிவிப்பு மேசைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவேன் (அந்த ஓட்டத்தில் மட்டும் நான் வேகம்), நூறு மீட்டர் முடிவுக் கோட்டில் உல்லன் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மார்பு பட்டதும் நூல் கையை அறுத்துக்கொண்டு போகும். மூன்றாவது இடத்தில் வந்தவன் யார் என்று நடுவர்களுக்குள் சண்டை வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். படிப்பிலும் சுமார், விளையாட்டிலும் பூஜ்யம், என்னைப் போன்றவனுக்குப் பள்ளியில் ஒரு இடம் கிடைத்தது அந்த வேலைகளில்தான். நீங்கள் "யாரும் நிற்கலாம்" என்று தள்ளிவிடுகிற வேலைகள் அவை.

அதனால் அந்த நிகழ்ச்சிகள் வீண் என்று சொல்லாதீர்கள் சார். வீண் இல்லை, தப்பான பையனிடம் போகிறது, அவ்வளவுதான். வாலிபால் ஆடுகிறவனுக்கே பூங்கொத்து கொடுக்கிற வேலையும் நாடக வேஷமும் கொடுத்தால், கடைசி பெஞ்சில் எதிலும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்கு அந்த மூன்று மாதமும் கைதட்டுகிற வேலைதான். அம்மாவின் மகன் நாடகத்திலிருந்து விலகினால் இன்னொரு பையன் சிப்பாய் ஆவான். இவனுக்குத் தூக்கம், அவனுக்கு வேஷம். பள்ளியில் போய்ப் பேசும்போது "என் பையனை விடுங்கள்" என்று கேட்காமல், "இன்னொருவனுக்குக் கொடுங்கள், பெயரும் நானே சொல்கிறேன்" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் முகம் சுளிக்க மாட்டார்.

செப்டம்பர் 5 மட்டும் கொஞ்சம் சத்தமாகத்தான் நடக்கும், அதைக் குறைக்கச் சொல்லி யாராலும் முடியாது. ராதாகிருஷ்ணன் நம் ஊரீசுக் கல்லூரியில் படித்தவர் என்று வேலூர்க்காரர்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. ஆறு இருந்தும் தண்ணீர் இல்லை, கோட்டை இருந்தும் ராஜா இல்லை என்று ஊரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குப் பதில் சொல்ல நமக்கும் ஏதாவது வேண்டாமா.

—

ராணிப்பேட்டை_பிசியோ:

எல்லாரும் கால அட்டவணை பற்றிப் பேசுகிறீர்கள், அந்த முழங்கால் வலியை யாரும் எடுக்கவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட், பையனைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த வயதுப் பையன்களிடம் அடிக்கடி பார்க்கிற ஒன்று உண்டு.

முழங்கால் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பு தொடங்குகிற இடத்தில், முன்பக்கம் ஒரு மேடு இருக்கும், அதை விரலால் அழுத்தினால் "ஆ" என்கிறானா என்று பாருங்கள். தொடைத் தசையின் தசைநார் அந்த இடத்தில்தான் எலும்போடு சேர்கிறது. வளர்கிற வயதில் அங்கே எலும்பு இன்னும் இறுகியிருக்காது, எலும்பு வேகமாக நீளும், தசை அந்த வேகத்துக்கு நீளாது, அதோடு வாலிபாலில் எகிறிக் குதிப்பதும் ஓட்டமும் சேர்ந்தால் அந்த இடம் இழுபட்டு இழுபட்டு வீங்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். பயப்படுகிற நோய் இல்லை, வளர்ச்சி நிற்கிறபோது பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனால் வலியோடு எல்லா நாளும் குதித்தால் அடங்காது. தைலம் போட்டு அந்த மேட்டையே அழுத்தித் தேய்க்காதீர்கள், ஆட்டம் முடிந்ததும் துணியில் ஐஸ் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், குதிப்பதைக் குறைக்கட்டும், தொடைத் தசையை இழுத்து நீட்டுகிற பயிற்சியை ஒரு பிசியோவிடம் நேரில் கற்றுக்கொள்ளட்டும். நொண்டுகிறான், முழங்காலே வீங்குகிறது, தூக்கத்தில் வலித்து எழுகிறான், காய்ச்சல் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் அந்த டிரில் ஒத்திகை. நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிறவன் மயங்கி விழுவதை விட அட்டென்ஷனில் நிற்கிறவன் மயங்கி விழுவதுதான் அதிகம், கவனித்திருப்பீர்கள். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்குப் போவது குறையும், அவ்வளவுதான் விஷயம். முழங்காலை விறைத்துப் பூட்டிக்கொண்டு நிற்காமல் ஷூவுக்குள்ளேயே விரல்களை மடக்கி மடக்கி விடச் சொல்லுங்கள், கெண்டைக்கால் தசை வேலை செய்தால் ரத்தம் மேலே ஏறும், வெளியே யாருக்கும் தெரியாது. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

தூக்கம்: இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். விடியற்காலைப் பயிற்சி என்றால் ராத்திரி ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். வீட்டில் அது நடக்காது என்றால் வாரத்தில் பாதி நாள் காலைப் பயிற்சியை விடச் சொல்லுங்கள். வளர்கிற பையன் தூங்காமல் எடுக்கிற பயிற்சி உடம்பில் ஒட்டாது.

—

கணக்கு_டீச்சர்_வாலாஜா:

வகுப்பாசிரியர் பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன், கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி. போகிற பையன்கள் திரும்பி வந்ததும் பெற்றோர் செய்வது ஒன்றே ஒன்றுதான், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "நோட்ஸ் போட்டோ அனுப்புங்க" என்று கேட்பது. யாரோ ஒரு பையனின் நோட்டைப் பார்த்து இவன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை அப்படியே எழுதுகிறான். கணக்கில் அது எழுத்துப் பயிற்சி. நோட்டு நிறையும், தலையில் ஒன்றும் ஏறாது, தூக்கமும் போகும். நோட்டு வெற்றாக இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், கணக்கு தெரியுமா என்று பாருங்கள்.

கண மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், வென்படம் வரையத் தெரிந்து சேர்ப்பு, வெட்டு, நிரப்பி மூன்றும் புரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒப்பேற்றிவிடலாம். மெய்யெண்களில் விகிதமுறா எண், மூலக்குறி இரண்டையும் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஆனால் அவன் ஒரு நாளும் தவறக்கூடாத பாடம் இயற்கணிதம். பல்லுறுப்புக்கோவை, காரணிப்படுத்துதல் இரண்டையும் ஒன்பதாவதில் விட்டவன் பத்தாவதில் இயற்கணிதம் வரும்போது தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நிற்பான், அதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் விளையாட்டு விழாவும் இயற்கணிதமும் ஒரே வாரத்தில் வந்து தொலைக்கும், உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் இருக்கும். அவனுடைய ஆசிரியரிடம் "எந்த வாரம் இயற்கணிதம் தொடங்குகிறீர்கள்" என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்த வாரத்தில் ஒத்திகைக்குப் போகக்கூடாது, போட்டி இருந்தால் மட்டும் போகட்டும் என்று பேசி வையுங்கள். பையன் வராததை விட, வராததை யாரும் முன்னால் சொல்லாததுதான் எங்களுக்கு எரிச்சல். முதல் மணிக்கு வருகைப் பதிவேடு எடுக்கும்போதுதான் பாதி வகுப்பு மைதானத்தில் இருப்பது தெரியும்.

காலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பையனைத் திட்டாதீர்கள். ஒன்பதாவது காலாண்டு மதிப்பெண்ணை இந்த உலகத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

—

பிளஸ்டூ_பையன்_தொரப்பாடி:

ஆன்ட்டி, நானும் பாய்ஸ் ஸ்கூல்தான், வாலிபால்தான். பெரியவங்க சொல்றது எல்லாம் ஓகே. ஆனா ஒண்ணு, நீங்க நேரா ஸ்கூலுக்குப் போய்ப் பேசினா அன்னைக்கு சாயங்காலமே "அம்மா வந்து அழுதாங்களாமே"ன்னு கிரவுண்ட்ல ஓட்டுவாங்க. அது வருஷம் பூரா போகும். முதல்ல அவனையே டீம் கேப்டன்கிட்ட சொல்லச் சொல்லுங்க. கேப்டன் பிளஸ் டூ அண்ணனா இருப்பாரு, அவர் பி.இ.டி. சார்கிட்ட "இவனை டிரில்லுக்கு விட்டா பிராக்டிஸ் கெடுது சார்"னு சொன்னா சாரே பேரை எடுத்துடுவாரு. டிரில்லுக்கு ஆள் எடுக்கிறதும் டீமுக்கு ஆள் எடுக்கிறதும் ஒரே சார்தானே.

அப்புறம் டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம், தயிர் சாதம் மாதிரி வைங்க, குழம்பு வேண்டாம், பேக் உள்ள கொட்டி ஜெர்சியெல்லாம் மஞ்சளாயிடும். அனுபவம்.

—

சத்துவாச்சாரி_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

வாத்தியார் ஐயா சொன்னபடி தாளில் எழுத வைத்தேன். "நீ இல்லாவிட்டால் இன்னொருவன் நிற்க முடியுமா" என்று கேட்டதும் முதலில் கோபம் வந்துவிட்டது அவனுக்கு, "அப்ப நான் வேஸ்ட்டா" என்றான். அப்புறம் அவனே உட்கார்ந்து யோசித்து எழுதினான். நான் எதிர்பார்த்தது நாடகத்தை விடுவான் என்று. விடவில்லை! நாடகத்தில் அவனுக்கு இரண்டு வரி வசனம் இருக்கிறதாம், மேடையில் முதல் முறையாகப் பேசப்போகிறானாம், அதை விடவே மாட்டேன் என்கிறான். 800 மீட்டரைத்தான் விடுகிறேன் என்கிறான், அதில் பதினொன்றாவது படிக்கிற ஒரு பையன் இருக்கிறானாம், அவனைப் பிடிக்கவே முடியாதாம், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்கிறான். ஓட்டம்தான் அவனுக்குப் பிடித்தது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரில் விஷயம் பிளஸ் டூ தம்பி சொன்ன வழியில்தான் நடந்தது, கேப்டன் மூலமாக. ஆகஸ்ட் 15 வரைக்கும் வரிசை கலையக்கூடாது, அதற்குப் பிறகு விளையாட்டு விழா மார்ச் பாஸ்ட்டுக்கு வேறு பையனைப் போட்டுக்கொள்கிறேன் என்று சார் சொல்லிவிட்டாராம். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனின் பெயரை இவனே கொடுத்திருக்கிறான், அவன் உயரமாம், கொடி பிடிக்கச் சரியாக இருப்பானாம்.

மேட்டை அழுத்திப் பார்த்தேன், பிசியோ சொன்ன மாதிரியே கத்தினான். சனிக்கிழமை எலும்பு மருத்துவரிடம் போகிறோம். டீச்சர், இயற்கணிதம் எப்போது என்று கேட்டுவிட்டேன், செப்டம்பர் முதல் வாரமாம், நாடக ஒத்திகையும் அதே வாரம். அதை எப்படிச் சமாளிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு சந்தேகம். 800இலிருந்து இந்த வருடம் விலகினால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்வார்களா? பெயரை எடுத்துவிட்டால் கெட்ட பெயர் ஆகிவிடுமோ என்று அவனுக்குப் பயம். இன்னொன்று, வாலிபாலுக்குத் தகுதிப் படிவம் என்று ஒன்று கேட்கிறார்கள், அதில் பிறந்த தேதி ஆதாரில் ஒன்றும் பள்ளிப் பதிவேட்டில் ஒன்றுமாக இருக்கிறது.

—

குடியாத்தம்_பிடி_வாத்தியார்:

800இல் கெட்ட பெயரெல்லாம் ஆகாது. போட்டி அன்றைக்குக் காலையில் வராமல் போனால்தான் கோபம் வரும், முன்னால் சொன்னால் இன்னொருவனை இறக்கிக்கொள்வார்கள். அடுத்த வருடம் பள்ளியில் நடக்கிற தேர்வு ஓட்டத்தில் ஓடிக் காட்டட்டும், கால் வேகமாக இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள். முழங்காலுக்கும் இந்த வருடம் ஓய்வு நல்லதுதான். பிசியோ சொன்னதை வைத்துப் பார்த்தால் வாலிபாலில் குதிப்பதையும் குறைக்கச் சொல்லுவார் மருத்துவர், அதற்கும் தயாராக இருங்கள். சர்வீஸ், அண்டர்ஹேண்ட் பாஸ் இரண்டையும் தரையில் நின்றே பழகலாம்.

பிறந்த தேதிதான் அவசரம், அதை இன்றே பாருங்கள். தேதி இரண்டு விதமாக இருந்தால் போட்டி அன்றைக்கு எதிர் அணி ஆட்சேபணை கிளப்பும், மொத்த டீமையும் வெளியே அனுப்பிய கதையெல்லாம் உண்டு. முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்து எது சரி என்று பாருங்கள். ஆதாரில் தப்பு என்றால் அந்தச் சான்றிதழோடு ஆதார் மையத்தில் திருத்தலாம், பிறந்த தேதியை அங்கே பல தடவை மாற்ற விடமாட்டார்கள், ஆகையால் ஒரே தடவையில் சரியாகச் செய்யுங்கள். பள்ளிப் பதிவேட்டில் தப்பு என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், அதற்கு நாள் பிடிக்கும், ஆனால் பத்தாவது சான்றிதழில் ஏறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு, எனவே ஒன்பதாவதிலேயே முடித்துவிடுவது நல்லது. படிவத்தில் ஒட்ட பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலைந்து சேர்த்தே எடுத்து வையுங்கள், ஒவ்வொரு மட்டத்திலும் புதிதாகக் கேட்பார்கள்.